பக்கத்து வளவு ஹெலிகொப்டர்

என் மனைவி ஐரோப்பாவில் வளர்ந்தவள், கடவுச்சீட்டும் அங்கேயுள்ளதுதான். இங்கே கிரான்பர்னில் என்னோடு நிம்மதியாக இருந்த, வழக்கறிஞரான அவளை, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. அங்குள்ள பொலிஸாருக்கு, எதையும் சட்டப்படி செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

போகுமுன் அந்தக் கூட்டமைப்பின் நடைமுறையை எனக்கு விளக்கினாள். அதற்கென்று சொந்தப் படை கிடையாது. எல்லா நாடுகளும் தலையாட்டினால்தான் ஒரு பணி தொடங்கும். பிறகு யார் யார் என்ன தருவீர்கள் என்று கேட்பார்கள். ஆலோசகர்களைத் தரப் போட்டி நடக்கும். ஹெலிகொப்டர் என்றதும் எல்லோரும் கூரையைப் பார்ப்பார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. இங்குள்ள தமிழர்களின் கலைவிழாக் குழுவில் இருக்கும் எனக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. மேடையில் பேச ஆளுக்குக் குறைவில்லை. விழா நடக்கும் ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் கதிரை அடுக்க நான் மட்டும்தான்.

அவள் போன ஊரில் கூட்டமைப்புக்கு இரண்டு பணிகள். இவளுடையது சிவில், மற்றது இராணுவம். ஒரே கொடி, அடுத்தடுத்த வளவு, ஆனால் தலைமை வேறு வேறு. இராணுவ வளவில் ஒரு ஹெலிகொப்டர் நின்றது. மனமிரங்கி அதைக் கொடுத்த நாடு, எதற்கெல்லாம் அதைத் தொடக்கூடாது என்றும் கூடவே சொல்லியிருந்தது.

ஒரு நாள் அவளுக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. சத்திரசிகிச்சைக்குத் தலைநகருக்குப் போக வேண்டும். "ஹெலிகொப்டருக்குக் கேட்டிருக்கினம், யோசியாதேங்கோ" என்று முனகியபடி போனில் சொன்னாள். சிவில் தலைமை இராணுவத் தலைமையைக் கேட்டது. அது ஹெலிகொப்டர் கொடுத்த நாட்டைக் கேட்டது. அந்த நாடு, நோயாளி இராணுவமா சிவிலா என்று திருப்பிக் கேட்டது. நான் குசினிக்குள் போனைப் பிடித்தபடி நின்றேன். அவள் செத்துவிடுவாள் என்றே நினைத்தேன். அதிகாரி ஒருவர் எனக்குப் போன் எடுத்து, நடவடிக்கை தொடங்கிவிட்டது என்று ஆறுதல் சொன்னார்.

கடைசியில் அவளிடம் படித்த பொலிஸ்காரர்கள்தான் ஜீப்பில் ஏற்றித் தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சத்திரசிகிச்சை முடிந்து அவள் கண் விழித்தபோது ஹெலிகொப்டருக்கு அனுமதி வந்திருந்தது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி.

"காணும், வீட்டை வாரும்" என்று போனில் சொன்னேன்.

"இப்ப வரேலாது. அந்த ஜீப் கூட்டமைப்பு குடுத்தது. அனுமதியில்லாமல் எடுத்ததெண்டு பொடியளுக்கு விசாரணை வைக்கப்போகினம். வேலை போனாலும் போயிடும். அனுமதியில்லாமல் வாகனம் தொடக்கூடாதெண்டு படிப்பிச்சதே நான்தான். அவங்களுக்காக நான்தானே கதைக்கோணும்."

விசாரணை எப்போது என்று மட்டும் கேட்டேன்.

எல்லா நாடுகளும் சம்மதித்த பிறகாம்.