மலையிலிருந்து இறங்கிய விதம்

என்னால் சும்மா உட்கார முடியாது. அன்று நீதிமன்ற அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், கழிவறைக்குப் போனேன், வந்து மறுபடி உட்கார்ந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் என் கணவர் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஒரு சாட்சி என்பதால் என்னைக் கூப்பிடும்வரை உள்ளே எட்டிக்கூடப் பார்க்கக்கூடாதாம். கட்டிய புருஷன் என்ன பேசுகிறார் என்று கேட்கப் பெண்டாட்டிக்கு அனுமதி இல்லாத இடம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த அறையில் ஒரே ஒரு விஷயம்தான் முடிவாக வேண்டியிருந்தது. என் கணவரின் கால் உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கிறதா, அல்லது அவர் நடிக்கிறாரா? நடிக்கிறார் என்று நீதிபதி எழுதிவிட்டால் இழப்பீடு போவது ஒரு பக்கம். ஏமாற்றுக்காரர் என்ற பெயரோடு அவர் நாங்கள் குடியிருக்கும் டத்தோ கிராமாட்டில் எப்படி நடமாடுவார்? எனக்கு அந்த யோசனைதான்.

அவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஷிஃப்ட் முழுக்க நின்றே பார்க்கும் வேலை. ஒரு காலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து மோட்டாரில் வீட்டுக்கு வரும்போது, சந்திலிருந்து ஒரு காடி, அதாவது கார், பார்க்காமல் திரும்பி அவரைத் தட்டிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து உள்ளே தகடு வைத்தார்கள். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முருகா, இந்த மனுஷனை நடக்க வை, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்து வருவார் என்று வேண்டிக்கொண்டேன். அவரைக் கேட்டா வேண்டினேன்? இதையெல்லாம் யார் கேட்டுக்கொண்டு வேண்டுவார்கள்?

அவருக்கு மயக்கம் தெளிவதற்குள் வார்டுக்கு ஓர் ஆள் வந்துவிட்டான். கையில் அச்சடித்த தாள். எங்கள் லாயர் எல்லாம் பார்த்துக்கொள்வார், இப்போது ஒன்றும் தர வேண்டாம், கிடைப்பதில் ஒரு பங்கு கொடுத்தால் போதும், இங்கே மட்டும் கையெழுத்து போடுங்கள் என்றான். நான் பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்கிறவள். நான் குரலை எழுப்பினால் திடல் முழுக்கக் கேட்கும். அந்த வார்டுக்கும் கேட்டது. ஆள் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிலேயே இறங்கிப் போனான். லாயர்கள் இப்படி ஆள் அனுப்பி வழக்குப் பிடிக்கக்கூடாது, வழக்கில் பங்கு பேசக்கூடாது என்று விதியே இருப்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு அன்றைக்கு விதி தெரியாது, அவன் மூஞ்சி பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

காடி ஓட்டியவர் கவனக்குறைவாக ஓட்டியதை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். கேஸ் முடிஞ்சது, நாம ஜெயிச்சிட்டோம் என்று என் அண்ணன் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார். நாங்களும் பல மாதம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தோம். நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் அலுவலகம் வைத்திருந்த ஒரு லாயர் அம்மாதான் அந்த நம்பிக்கையை உடைத்தார். தமிழ் முஸ்லிம் பெண், என்னைவிடச் சின்னவர். அபராதம் அரசாங்கத்துக்குப் போவது, அது சட்டத்தை மீறியதற்கான தண்டனை, உங்கள் கால் அதில் சேராது என்றார். காலுக்கு நாங்களே தனியாக வழக்குப் போட வேண்டுமாம், அதற்கும் காலக்கெடு உண்டாம். அப்படியானால் அவர் ஒப்புக்கொண்டதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அது உதவும், ஆனால் காயம் எவ்வளவு என்பதை அது சொல்லாது என்றார். அவரையே வைத்து வழக்குப் போட்டோம்.

காயம் எவ்வளவு என்பதில்தான் வில்லங்கம். என் கணவரிடம் யார் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும், நல்லா இருக்கேன் என்பார். டாக்டர் கேட்டாலும் அதே பதில்தான். பெரிய படிப்பு படித்தவர் அக்கறையாகக் கேட்கிறார், அவரிடம் போய் மூக்கால் அழுவதா என்று அவருக்கு ஒரு மரியாதை. அந்த மரியாதை அப்படியே மருத்துவ அறிக்கையில் ஏறிவிட்டது. நோயாளிக்கு வலி இல்லை என்று எழுதியிருந்தார்கள். வீட்டிலோ கழிவறையில் குந்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் அவர்.

அதோடு தைப்பூசம் வந்தது. வேண்டுதலைத் தள்ளிப்போடலாம் என்று நானே சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மஞ்சள் வேட்டி கட்டி, பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, அத்தனை படியும் ஏறினார். உச்சியில் என் நாத்தனார் அவரை வீடியோ எடுத்தாள். பூவும் பாலுமாக முகமெல்லாம் சிரிப்பு. 'அண்ணன் பழையபடி ஆயிட்டாரு' என்று எழுதி ஃபேஸ்புக்கில் போட்டாள். ஊரே வாழ்த்தியது.

இறங்கியதை யாரும் எடுக்கவில்லை. இறங்கும்போது கால் மடங்கவில்லை. ஒரு படியில் உட்கார்வார், கையை ஊன்றி அடுத்த படிக்கு நகர்வார், மறுபடி உட்கார்வார். மஞ்சள் வேட்டி பின்பக்கம் கறுத்துப்போய்விட்டது. ஏறி வருகிற கூட்டம் அவரைச் சுற்றி விலகிப் போனது. உச்சி வெயிலில்தான் கீழே வந்து சேர்ந்தோம். வழியில் நான் அழுதேன்.

அந்த வீடியோ, காடிக்காரருக்காக இழப்பீடு தர வேண்டிய காப்புறுதி நிறுவனத்து லாயரின் கைக்குப் போய்விட்டது என்று எங்கள் லாயர் கூப்பிட்டுச் சொன்னார். நாத்தனாரிடம் உடனே அழித்துவிடச் சொல்கிறேன் என்றேன். தொடாதீர்கள் என்றார். சாட்சியத்தை அழிப்பது இருக்கிற சிக்கலைப் பெரிய குற்றமாக்கிவிடுமாம். என் அண்ணன் சும்மா இருப்பாரா? அது வேற ஆளுன்னு சொல்லிடலாம்லா, பால்குடம் எடுக்கிறவங்க எல்லாம் ஒரே மாதிரிதான இருக்காங்க என்றார். பொய் என்று தெரிந்தால் அதைத் தன் வாயால் நீதிமன்றத்தில் வைக்க முடியாது, வழக்கிலிருந்து விலக வேண்டியிருக்கும் என்று லாயர் சிரிக்காமல் சொன்னார். அண்ணன் அதோடு மூக்கை நுழைப்பதை நிறுத்திக்கொண்டார்.

நான்தான் இறங்கிய கதையைச் சொன்னேன். லாயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதைச் சொன்னால் போதும் என்றார். ஆனால் பக்கத்தில் இருந்த என் கணவர் தலையை ஆட்டினார்.

"சாமிக்குச் செஞ்சத கோர்ட்டுல போயி சொல்லிக்காட்டுறதா? கஷ்டப்பட்டேன்னு சொன்னா அது வேண்டுதலே இல்ல."

வீட்டில் தினமும் சண்டை. முருகன் என்ன, உன் காலை உடைத்துக்கொண்டு வா என்றா கேட்டார் என்று கத்தினேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். லாயரிடம் போய், நீங்களாவது அவருக்கு என்ன பேசணும்னு சொல்லிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"என்ன கேள்வி வரும்னு சொல்லலாம்க்கா. பதில் அவரோடது. அத நான் சொல்லிக்கொடுத்தா என் லைசென்ஸ் போயிடும், போகவும் வேணும்."

கோபமாக வந்தது. பிறரின் லாயர்கள் எல்லாம் எப்படியெப்படியோ ஜெயிக்கிறார்கள், எனக்கு வாய்த்தவர் மட்டும் ஏன் இப்படி யோக்கியமாக இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் முணுமுணுத்தேன்.

கடைசியில் கதவு திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே குளிர் அடித்தது. அவர் முன்வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லியிருக்கிறார் என்று அவர் முகத்தில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. சத்தியம் செய்தேன். எங்கள் லாயர் வீட்டு நிலவரம் கேட்டார், சொன்னேன். பிறகு, தைப்பூசத்தன்று உங்கள் கணவர் மலையிலிருந்து எப்படி இறங்கினார் என்று மட்டும் கேட்டார். நான் ஒன்றையும் விடவில்லை. உட்கார்ந்தது, கையை ஊன்றியது, வேட்டி கறுத்தது எல்லாம் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார்.

எதிர்த்தரப்பு லாயர் எழுந்தார். கோபமே இல்லாத மனிதர், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சற்று முன் இதே இடத்தில் நின்று உங்கள் கணவர், ஏறியது போலவே நடந்துதான் இறங்கினேன், ஒரு சிரமமும் இல்லை என்று சத்தியத்தின் பேரில் சொல்லியிருக்கிறார் என்றார். உங்கள் இருவரில் பொய் சொல்வது யார்?

ஊரில் எல்லோரும் இழப்பீட்டை வாங்கப் பொய் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் இழப்பீட்டைத் தொலைக்கப் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

"அவருதான்யா பொய் சொல்றாரு."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் அதை மலாயில் சொன்னார். நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். லாயர்கள் இருவரிடமும் ஏதோ கேட்டுவிட்டு, என் கணவரை மறுபடி வரச் சொன்னார். நீங்கள் செய்த சத்தியம் இன்னும் செல்லும் என்று நினைவூட்டிவிட்டு, உங்கள் மனைவி சொன்னது உண்மையா என்று கேட்டார்.

அவர் நீதிபதியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வீட்டில் இத்தனை சண்டை போட்டும், மருந்து தடவும்போது துருவித் துருவிக் கேட்டும், அவரிடமிருந்து நான் ஒருநாளும் கேட்காத பதில் அன்றைக்கு வந்தது.

"ஆமாய்யா. வலிச்சுச்சு. இப்பவும் வலிக்குது."

சொல்லிவிட்டுச் சாட்சிக் கூண்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.