பூட்டுச் சின்னத்தில் நிற்பது யார்?

முதல் பொதுத்தேர்தல் முடிந்திருந்த சமயம். சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். நான் டிராயிங் டீச்சர். மாம்பழமும் மண்பானையும் வரையச் சொல்லிக்கொடுத்துச் சலித்துப்போன முன்கோபக்காரி.

எட்டாம் வகுப்பில் என்னைவிட உயரமாக ஒருத்தி இருந்தாள், ஓர் ஆட்டுக்காரரின் மகள். ஒருநாள் வரையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வைகாசில எனக்குக் கல்யாணம் வச்சிருவாவ டீச்சர். ஒம்பதாங் கிளாஸ் இங்கன இருந்தா படிக்கட்டும்ங்காவ எங்கய்யா. இல்லியே."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இல்லன்னா கேப்போம், ஏட்டி!" என்றேன்.

மனு எழுதினால் ஆபீசில் தூங்கும், படம் அச்சடித்தால் தெருவெல்லாம் பேசும் என்று வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சைக்கிள் ட்யூபைக் கத்தரித்துப் பலகையில் ஒட்டினால் அச்சு தயார். விளக்குக் கரியில் எண்ணெயைக் குழைத்தால் மை. மேலே காகிதத்தை வைத்துப் பூரிக்கட்டையால் உருட்டினோம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியவேண்டும், எழுத்தே வேண்டாம் என்றாள் உயரக்காரி. சாத்திய கதவு, அதில் பெரிய பூட்டு. அவ்வளவுதான் படம். மூக்கெல்லாம் மையோடு சிரித்துச் சிரித்து அச்சடித்தார்கள். சந்தைச் சுவரிலும் வாசுதேவநல்லூர் பஸ்ஸின் முதுகிலும் ஒட்டிவிட்டு வந்தார்கள்.

ஒன்றை மறந்துவிட்டோம். அப்போது சுவரில் எந்தப் படம் இருந்தாலும் ஊருக்கு அது தேர்தல் சின்னம். உள்ளூர்த் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றே நாளில் டீக்கடைகளில், 'நம்ம ஓட்டு பூட்டுக்குத்தான்' என்று பேச்சு.

நான்காம் நாள், எங்கள் பள்ளியை நடத்தும் ஜில்லா போர்டின் மெம்பர், மறுபடியும் நிற்கவிருந்தவர், வியர்த்து விறுவிறுத்துப் பள்ளிக்கு வந்தார். எங்கள் பிள்ளைகளைப் பசை வாளியோடு பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"டீச்சர், பூட்டுச் சின்னத்துல யாரு நிக்கா? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

வேலை போய்விடுமோ என்று பயந்து, பூட்டுப் பலகையை மேசைக்கடியில் தள்ளினேன். உயரக்காரி எழுந்தாள்.

"அது சின்னம் இல்ல அண்ணாச்சி. ஒம்பதாங் கிளாஸ் கதவு. நீங்க நெனச்சாத் தொறக்கலாம்."

"அம்புட்டுதானா!" அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "தொறந்துட்டாப் போச்சு. மொதல்ல படத்தைக் கிழிங்க."

"கிழிக்க மாட்டோம். தொறந்த பொறவு அது மேலயே இதை அச்சடிச்சு ஒட்டுதோம்." ட்யூபில் திறந்த கதவை வெட்டி ஒட்டிய அச்சுப் பலகை ஒன்றை எடுத்து நீட்டினாள். எனக்கே அது தெரியாது. "அதுவரைக்கும் பூட்டு இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதன்பின் மனுஷன் திருநெல்வேலிக்கு அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஜூனில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கியது.

முதல் நாள் மகளைக் கொண்டுவந்து விட்ட ஆட்டுக்காரர் மணியடித்தும் போகவில்லை. வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எம் மவ ஒம்பதாங் கிளாஸ் படிக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.