சிலோனுக்குப் புறப்பட்ட மூட்டை

கரமனை அக்கிரகாரத்தில் தூண்டில் போடுகிற ஒரே பிராமணர் என் அகத்துக்காரர்தான். காலேஜில் பிராணி சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிற உத்தியோகம். பாடத்துக்கென்று ஆற்றில் மீன் பிடிக்கப் போனவர் அதிலேயே சொக்கிப் போனார். பிடிப்பார், திருப்பித் திருப்பிப் பார்ப்பார், மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுவார். மண்புழு வாசல்படி ஏறக்கூடாது என்று நான் கறாராகச் சொல்லிவிட்டதால், இரைக்குக் கோதுமை மாவில் பெருங்காயம் போட்டுப் பிசைந்து கொடுப்பேன். கரமனையாற்று மீனுக்கெல்லாம் நான் ஆசாரம் பழக்கிவிட்டேன் என்று தெருவே கேலி செய்தது.

ஒரு கோடை விடுமுறைக்கு சிலோனிலிருந்து அழைப்பு வந்தது. இவருடைய பால்ய சிநேகிதர் அங்கே தேயிலைத் தோட்டத்தில் டாக்டர். வீட்டுக்குப் பின்னால் ஓடை, அதில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரௌட் மீன், நீங்கள் இரண்டு பேரும் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தார். 'இரண்டு பேரும்' என்று படித்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"கடல் தாண்டறதாவது!" என்று மாமனார் குதித்தார். போகிற வழியில் தனுஷ்கோடியில் சேது ஸ்நானம் ஆகிவிடும் என்று பிள்ளை சொன்னதும் பாதி இறங்கி வந்தார்.

"செரி, நீ போ. அவ என்னத்துக்கு? பொம்மனாட்டி கப்பலேறிப் போய் மீனா பிடிக்கப் போறா? அவ அம்மா ஆத்துல போய் இருக்கட்டும். மதி."

மலையாளக் கரையில் போதும் என்பதற்கு 'மதி'; அவர் அப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இவராவது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். வாயில் கொழுக்கட்டை. எனக்குப் போக எவ்வளவு ஆசை என்று இவருக்குத் தெரியாதா? அழுகை அழுகையாக வந்தது. அன்றைக்கு அடுக்களையில் பாத்திரங்கள் பட்ட பாட்டைத் தெருக்கோடி வரை கேட்டிருப்பார்கள்.

ஆனாலும் மூட்டை கட்டியது நான்தான். பருப்புப்பொடி, வேப்பிலைக்கட்டி, உப்பு நார்த்தங்காய், வழிக்குப் புளியோதரை. தூண்டில் முள்ளெல்லாம் பல்பொடி டப்பாவில். தோட்டத்தில் குளிர் தாங்காதாமே என்று மப்ளர் பின்னினேன், கோபத்தில் அது இவரைவிட நீளமாகப் போய்விட்டது. பிறந்த வீட்டுக்குப் போக என் புடவைகளையும் ஒரு மூட்டையாகக் கட்டி வைத்தேன்.

ரயிலுக்கு முந்தின நாள் காலையில்தான் நல்ல முகூர்த்தம் இருந்தது. அதனால் பரஸ்தானம் வைக்க வேண்டும் என்றார் மாமனார். பயணம் போகிறவருடைய துணியை நல்ல வேளையில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அவர் அப்போதே புறப்பட்டதாகக் கணக்கு. வைத்ததை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, பயணத்தையும் நிறுத்தக் கூடாது. இவர் உள்ளேயிருந்து மூட்டையை எடுத்துக் கொடுக்க, மாமனார் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, "சிலோன் யாத்திரை க்ஷேமமா நடக்கணும்" என்று உரக்கச் சொல்லி, தம் கையாலேயே எதிர்வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

சற்று நேரத்தில் எதிர்வீட்டு மாமி வாசலில் வந்து நின்றாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை.

"மாமா, முடிச்சு அவிழ்ந்துடுத்து. உள்ள பூராப் புடவை! உங்க பிள்ளை புடவை கட்டிண்டா மீன் பிடிக்கப் போறான்?"

மாமனார் அப்படியே ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். நான் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் கையிலிருந்த விசிறி நின்றது, பிறகு ஆடியது.

"என் கையாலயே அவளைப் புறப்படப் பண்ணிட்டேனே. இனி நிறுத்தப்படாது."

"அப்போ எனக்கு வேற மூட்டை வைக்கணுமோ, அப்பா?" என்றார் இவர், பூனை மாதிரி.

"பொண்டாட்டி தனியாப் புறப்படுவாளோ? ரெண்டு பேருக்கும் அதுவே மதி."

எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. மாமனார் உள்ளே போய்த் தம் காசிச் சால்வையை எடுத்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் ஊஞ்சலில் வைத்தார். "அங்கே குளிருமாம்," என்றார்.

அப்புறம் என்ன, இவருடைய மூட்டையைப் பிரித்துக் கொட்டி எல்லாவற்றையும் புதிதாக அடுக்கினேன். பருப்புப்பொடி இரட்டிப்பானது. தூண்டில் கம்புகளைச் சாக்கில் சுற்றலாமென்று மூலையிலிருந்து எடுத்தால், இவருடைய கம்புகளுக்கு நடுவில் குட்டையாக ஒன்று. அழகாகச் சீவி, வார்னிஷ் அடித்து, பிடிக்கிற இடத்தில் நூல் சுற்றியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். வார்னிஷ் காய்ந்து பல நாளாகியிருந்தது.

"இது யாருக்கு?" என்றேன்.

இவர் செருப்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"இந்த ஆத்துல அந்த உயரத்துக்கு வேற யார் இருக்கா?"