நெஞ்சு என்று சொன்னேன்

போன வருஷம் திருநெல்வேலியில் என் மாரைப் படம் எடுத்தார்கள். குளிக்கும்போது ஏதோ தடிப்புப் போலத் தட்டுப்பட்டது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மகள் மறுநாளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு பலகையில் மாரை வைத்து, மேலேயிருந்து இன்னொரு பலகையை இறக்கி அழுத்துகிறார்கள். படம் எடுத்த பெண்ணுக்குச் சின்ன வயது. "வலிச்சா சொல்லுங்க ஆச்சி" என்றாள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். உடனே நிறுத்திவிட்டு, "எங்க வலிக்கி?" என்று கேட்டாள்.

"இடது மார்ல. கக்கத்துப் பக்கம்" என்றேன்.

படத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு வரியை நான் எப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அழைத்துப்போன இந்த மகள்தான் அன்றைக்கு என் கைக்குழந்தை. அதனால் அவளுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. குற்றாலத்தில் எங்களுக்கு எண்ணெய்க் கடை. அருவிக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் தண்ணீருக்குள் போவார்கள். சீசன் தொடங்கிவிட்டால் என் வீட்டுக்காரருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் நாங்கள் இருவரும், அத்தையும், இன்னும் குப்புற விழாத பிள்ளையும். அத்தை என்றால் என் மாமியார்.

சாரல் விடாமல் அடித்த ஆனி மாதம் ஒருநாள், இடது மாரில் கட்டிபோல ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. பிள்ளை அந்தப் பக்கம் வாய் வைத்தால் உயிர் போகிற மாதிரி வலித்தது. அதனால் வலது பக்கமே கொடுத்துக்கொண்டிருந்தேன். நாளாக ஆக வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

"அத்தே, நெஞ்சுல வலிக்கி" என்றேன்.

எங்கள் வீடுகளில் பெண்களுக்குக் கழுத்துக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே இருப்பதெல்லாம் நெஞ்சுதான். பசுவுக்கு மடி உண்டு, காம்பு உண்டு. வாசலில் நின்று பால்காரனோடு சத்தமாகவே பேசலாம். எங்களுக்கு நெஞ்சு மட்டும்தான். அதிலும் நான் வாய் பேசாதவள். கடைக்கு வருகிறவர்கள் தண்ணீர் கேட்டால்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று சொம்பை நீட்டுவேன்.

"சளியா இருக்கும்ட்டி. தலைய ஒழுங்காத் துவட்டாம ஈரத்துல நிக்க" என்றாள் அத்தை.

பிறகு சாயங்காலமானால் குளிரும் காய்ச்சலும் வர ஆரம்பித்தன. சாரலில் பிடித்த இருமலும் சேர்ந்துகொண்டது. அத்தையின் முகம் மாறிப்போனது. அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே காசநோயில் போய்விட்டவள். அவளுக்கும் இப்படித்தான் தொடங்கியதாம். நெஞ்சு வலி, சாயங்காலக் காய்ச்சல், இருமல். அவளிடம் பால் குடித்த பிள்ளையும் தக்கவில்லை.

தென்காசியில் அப்போது ஒரு தனி ஆஸ்பத்திரி இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை. அங்கே இருந்த டாக்டர் வயதானவர். நான் தலையைக் குனிந்துகொண்டு அத்தையின் காதில் சொல்ல, அத்தை அவரிடம் சொன்னாள்.

"நெஞ்சுல வலிங்கா அய்யா. சாயங்காலம் காயுது. இருமலும் இருக்கு."

அவர் குழாயைச் சேலைக்கு மேலேயே வைத்துப் பார்த்தார். சளியில் ரத்தம் உண்டா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "எதுக்கும் ஒரு படம் எடுத்துப் பாத்திருவோம். வெள்ளிக்கிழமை வாங்க" என்றார்.

குதிரை வண்டியில் திரும்பி வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் நான் தொட்டிலுக்குப் போனேன். அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"பிள்ளைய எடுக்காதட்டி."

"பசிக்குமே அத்தே."

"பசும்பால் குடுத்துக்கிடுதேன். நீ என்னைய என்ன வேணும்னாலும் நெனச்சுக்கோ. டாக்டர் படத்தைப் பாத்துச் சொல்லுத வரைக்கும் பிள்ளை எங்கிட்டதான் கெடக்கும்." அவள் அழுதுகொண்டுதான் சொன்னாள். அதனால் எனக்குக் கோபப்படக்கூட முடியவில்லை.

என் தம்ளரைத் தனியாக எடுத்துப் பின்கட்டு மாடத்தில் வைத்தாள். எனக்குப் பாயும் அங்கேதான். உள்ளே பிள்ளை பாலாடையில் குடிக்க மாட்டாமல் அழும். அது அழும்போதெல்லாம் எனக்கு வலது பக்கம் சேலை நனைந்துவிடும். இடது பக்கம் மட்டும் நனையாது. நாளுக்கு நாள் அது கல்லாக இறுகிக்கொண்டு வந்தது. நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். பிள்ளை குடிக்காததால்தான் முற்றுகிறது என்று சொல்ல யாருமில்லை. கட்டி இருப்பதே யாருக்கும் தெரியாதே. என் வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று, "வெள்ளிக்கிழமை போனா சரியாயிரும், என்னா?" என்பார். அவர் கையெல்லாம் எண்ணெயாக இருக்கும். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

வெள்ளிக்கிழமை அவரிடம் பிள்ளையை விட்டுவிட்டு நானும் அத்தையும் தென்காசிக்குப் போனோம்.

படம் எடுக்கிற அறையில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. ஒரு கம்பத்தில் கறுப்பாகத் தகரம் போல ஒரு பலகை. படம் எடுக்கிறவர் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டார். எனக்குத் துணையாக ஒரு மலையாளத்து நர்ஸ் இருந்தாள். ரவிக்கையைக் கழற்றிவிட்டு ஒரு வெள்ளைத் தொளதொளச் சட்டையைப் போடச் சொன்னாள். கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்றாள். கதவோரம் நின்ற அத்தை குதித்தாள்.

"தாலியக் கழத்த மாட்டா, சொல்லிட்டேன்!"

"கழத்தண்டா அம்மச்சி. வாயில கடிச்சுக்கட்டே" என்றாள் நர்ஸ். தாலியைச் சுருட்டி என் பல்லுக்கு நடுவில் அவளே வைத்துவிட்டாள்.

"பலகையோட ஒட்டி நில்லு தாயி" என்றார் படம் எடுக்கிறவர். "இன்னும் ஒட்டு. எங்க ஒட்டுத? எட்டிப் பாக்கல்லா செய்யுத! சிஸ்டர், கொஞ்சம் அமுக்கி விடுங்க."

அவள் என் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். குளிர்ந்த பலகையில் அந்தக் கல் போய் நசுங்கியது. "அம்மா" என்று அலறிவிட்டேன். தாலி வாயிலிருந்து விழுந்து பலகையில் 'டங்' என்று இடித்தது.

"எந்தா மோளே?"

"நெஞ்சு" என்றேன்.

"நெஞ்சு எல்லாருக்கும் உண்டு. எவிட வேதனை?"

சொல்ல வாய் வரவில்லை. அவள் கையை எடுத்து, சட்டைக்கு மேலேயே அந்த இடத்தில் வைத்தேன். அடுப்புச் சட்டியைத் தொட்டவள் போல அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ! இது நெஞ்சல்ல, முலையாணு!"

செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், மலையாளத்தில், அது சாதாரண வார்த்தை. கை, கால், மூக்கு என்பது போலச் சொல்லிவிட்டாள். தடுப்புக்குப் பின்னால் படம் எடுக்கிறவருக்குப் புரையேறிவிட்டது. அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எனக்கோ அவமானத்தை மீறி அழுகை வந்தது. அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை ஒருத்தி சொல்லிவிட்டாள், இனி நான் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி.

"டாக்டர் சொன்ன படத்தை எடுக்கணுமே" என்றார் அவர்.

"திரிச்சு நிறுத்தி எடுத்தூடே? முதுகு பலகையில இருக்கட்டே."

"எடுக்கலாம் சிஸ்டர். இதயம் மட்டும் கொஞ்சம் பெருசாத் தெரியும்."

"தெரியட்டே. பெரிய மனசுன்னு டாக்டர் நெனைக்கட்டே."

முதுகைப் பலகையில் வைத்து நின்றேன். தாலியை மறுபடி கவ்விக்கொண்டேன். இந்தத் தடவை வலிக்கவில்லை.

படம் கழுவி வருகிறவரை டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். என் மேல் ஒரு துண்டைப் போட்டு, வலிக்கிற இடத்தை மட்டும் விலக்கி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். தொடுவதற்கு முன்னால் தொடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் டாக்டர் தொட்டார்.

"பால் கட்டியிருக்கு, சூடும் ஏறியிருக்கு. ஏம்மா, அன்னைக்கு நெஞ்சுன்னுல்லா சொன்னீங்க?"

"அவா நெஞ்சுன்னா. நானும் நெஞ்சுன்னேன்" என்றாள் அத்தை.

"நானும் நெஞ்சைத்தான் பாத்தேன்" என்று அவர் சிரித்தார். "பிள்ளை எங்க?"

அத்தை மெதுவாகச் சொன்னாள். "ஒதுக்கி வச்சிருக்கேன் அய்யா. ஏற்கனவே ஒண்ணைப் பறிகுடுத்தவ நான்."

அவர் எழுந்து போய், ஈரம் காயாத படத்தைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெளியே சாரல் விட்டு வெயில் அடித்தது. படத்தில் என் விலா எலும்பெல்லாம் வரிவரியாகத் தெரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். அத்தையும் அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு. ஒரு கோளாறும் கெடையாது. ஊசி போடுதேன், காய்ச்சல் போயிரும். ஆனா மருந்து பிள்ளைதான். ரெண்டு பக்கமும் குடிக்கட்டும்."

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புறப்படும் முன் நர்ஸ் வெந்நீரில் துணியைப் பிழிந்து ஒற்றடம் கொடுத்தாள். "இனி நான் அமுக்கும். நோவு வந்தா கை பொக்கணும். நிறுத்தும்" என்றாள். கையைத் தூக்குவதை அப்படிச் சொன்னாள். அவள் மேலிருந்து கீழே மெல்ல அழுத்தினாள். நான் கையைத் தூக்கினேன்; சொன்னபடி நிறுத்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டு கையை இறக்கினேன், மறுபடி அழுத்தினாள். நிறுத்துவாள் என்று தெரிந்தபின் எனக்குக் கையைத் தூக்கத் தோன்றவில்லை. கெட்டியாக, மஞ்சளாகக் கொஞ்சம் பால் வந்தது.

வண்டிக்காரரை அத்தை வழியெல்லாம் விரட்டினாள். "ஏலே, குதிரைய நடக்க விட்டுட்டு நீ தூங்குதியா?" பழைய குற்றாலத்துக்குப் போகிற வண்டிகளையெல்லாம் முந்திக்கொண்டு வந்தோம்.

என் வீட்டுக்காரரிடமிருந்து பிள்ளையை வாங்கி அத்தைதான் என் மடியில் வைத்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாலாடை பழகிவிட்டது போலும். அத்தை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு சொட்டுப் பாலை அதன் உதட்டில் தடவினாள். "குடிடி ராசாத்தி. ஆச்சி மேல கோவம்னா நாளைக்கு அழு. இப்பம் குடி." மறுபடி திருப்பிக்கொண்டது. மறுபடி தடவினாள். பிறகு மூக்கால் தேடி, கவ்வி, இழுத்தது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. கையைத் தூக்க நினைத்தேன். தூக்கவில்லை.

அத்தை எழுந்து பின்கட்டுக்குப் போய், மாடத்திலிருந்த என் தம்ளரை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்து மற்ற தம்ளர்களோடு கவிழ்த்து வைத்தாள். அப்போது அடுத்த வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏன் மதினி, மருமவளுக்கு நெஞ்சுல என்னமோன்னாகளே?"

"நெஞ்சுல ஒண்ணும் இல்லட்டி" என்றாள் அத்தை. பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "முலையில பாலு கட்டியிருக்கு! வேற ஒண்ணும் இல்ல!"

முன்பக்கம் கடையில் எண்ணெய் அளக்கிற சத்தம் சட்டென்று நின்றது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். பிள்ளை மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.