தவிட்டுக்கு வாங்கிய லூசியா

கொழும்பில் மூட்டை தூக்குகிறவனை நாட்டாமை என்கிறார்கள். நான் கப்பலிலிருந்து இறங்கிய மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனையில் ஓர் அரிசிக் கிட்டங்கிக்கு வேலைக்குப் போனேன். அங்கிருந்த கங்காணி, "ஏய் நாட்டாமை, இஞ்ச வா" என்றான். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. எங்கள் ஊரில் நாட்டாமை என்றால் ஊர்ப் பெரியவர். அவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். ஊருக்குப் போட்ட முதல் கடிதத்தில், நாட்டாமை வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதினேன். பொய் இல்லை. என் அய்யா அதைத் தெருவுக்கே வாசித்துக் காட்டச் சொன்னாராம். நான் இன்றுவரை திருத்தவில்லை.

என் பெயர் சுடலைமுத்து. இரண்டாம் வகுப்புவரை படித்தவன். எங்கள் பெண்ணின் பெயரை எழுதி அனுப்பச் சொல்லி ஊரிலிருந்து கேட்கிறார்கள். அவளுக்கு ஏன் இரண்டு பெயர் என்று இங்கே உள்ளவர்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் இருப்பது ஒரு தோட்டம். மரம் செடி கிடையாது. வரிசையாகப் பன்னிரண்டு அறை, நடுவில் ஒரு பைப். இதற்கு இங்கே தோட்டம் என்று பெயர். பக்கத்து அறையில் றோஸலின் நோனா. இங்கே பெண்களை மரியாதையாக நோனா என்பார்கள். சிங்களக் கத்தோலிக்கம். தமிழும் பேசுவாள். அவள் புருஷன் பெரேரா தச்சு வேலை செய்கிறவர். இருவருக்கும் நான் மல்லி, அதாவது தம்பி; என் மனைவி நங்கி, தங்கை. பெரேரா என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "தெரியாது மல்லி. அந்தக் காலத்துல பறங்கி குடுத்த பேர். கப்பல்காரன் ஒருத்தன் சொன்னான், அது ஒரு மரமாம்" என்றார். என்ன மரம் என்று கேட்டேன். "நானே கண்டதில்ல" என்றார். அவர் கை வைக்காத மரம் அது ஒன்றுதான் என்று நோனா சிரித்தாள்.

எனக்கு முதல் இரண்டும் ஆண். இங்கேயே பிறந்தன. மூத்தவனுக்கு அய்யாவின் பெயர். எட்டு நாள் இருந்தான். அடுத்தவனுக்கு ராஜேந்திரன் என்று ராஜா பெயர் வைத்தோம். ஒரு மாதம் இருந்தான். மூன்றாவது பெண். பிறந்தபோதே மெலிவு, அழுகைகூடச் சத்தமாக வரவில்லை. என் மனைவி பேச்சியம்மாள், "இதுக்கு நல்ல பேரு வேண்டாம். தவிட்டுக்கு வாங்கிருவோம்" என்றாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளையைச் சொளகில் வைத்துக் குப்பைமேட்டில் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு போவாள். பிறகு பெற்றவர்கள் போய், ஒரு கை தவிடு கொடுத்து அவளிடம் பிள்ளையை வாங்குவார்கள். தவிட்டு விலைக்கு வந்த பிள்ளையைச் சாவும் சீண்டாது என்பது கணக்கு. அப்படி வாங்கிய பெண்ணுக்குத் தவிட்டம்மாள் என்று பெயர்.

ஊரில் எடுக்கிறவள் சொந்தக்காரி. சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இங்கே நோனாவைத் தவிர யார் இருக்கிறார்கள்? அவளிடம் சொன்னோம். "அனே, என்ன வழக்கம் இது!" என்றாள். ஆனால் சரி என்றாள். பைப்புக்குப் பின்னால் இருந்த குப்பையிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் தவிட்டுக்குக் கிராண்ட்பாஸ் வரை நடந்தேன். ஒரு வண்டிக்காரன் மாட்டுக்கு வைத்திருந்ததில் இரண்டு கை கொடுத்தான். திரும்பி வந்து, பேச்சியோடு போய் நோனாவின் கதவைத் தட்டினேன். பிள்ளையின் நெற்றியும் தலைமுடியும் ஈரமாக இருந்தன.

"இவ பேர் லூசியா" என்றாள் நோனா.

பேச்சி பாய்ந்தாள். "நாங்கதானக்கா பேரு வைக்கணும்! யாரைக் கேட்டு வச்சீங்க?"

"நங்கி, நீதானே எனக்குக் குடுத்தாய்? என் கையில இருக்கும்போது செத்தா என்ன செய்ய? பேர் இல்லாம போகும். மாதா கோயில் தண்ணி போத்தல்ல இருந்திச்சி. ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தேன்."

பேச்சி தவிட்டை அவள் மடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் பிள்ளை ஓங்கி அழுதது. தோட்டம் முழுக்கக் கேட்டது. நோனா ஓடி வந்தாள். அதன்பிறகு சண்டை வேறு மாதிரி ஆயிற்று. தவிடுதான் காப்பாற்றியது என்றாள் இவள். தண்ணீர்தான் என்றாள் அவள். இவள் தவிட்டு என்று கூப்பிடுவாள், அவள் லூசியா என்பாள். பிள்ளை இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தது.

பிறப்பைப் பதிய வேண்டும். கிட்டங்கிக் கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளவத்தையில் வீடு. மாதம் ஒரு மூட்டை நான்தான் கொண்டுபோய் இறக்குவேன். அவர் மகளுக்குச் சாத்திரியார் நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்து வைத்த பெயர் நீளமானது, எனக்கு வாயில் வராது. வீட்டில் எல்லாரும் பேபி என்கிறார்கள். அவரிடம் படிவத்தை நீட்டினேன்.

"பெட்டைக்குப் பேர் என்ன?"

"தவிட்டம்மாள், ஐயா."

"உதென்னடாப்பா, மாட்டுக்கு வைக்கிற தவிடோ?"

"ஓம் ஐயா. லூசியா என்றும் ஒரு பேர் இருக்கு."

பேனாவை வைத்துவிட்டு நெடுநேரம் சிரித்தார். "பத்மாவதி, சரஸ்வதி எண்டு ஒண்டை வையன். இல்லாட்டி ரெண்டில ஒண்டைச் சொல்லு."

இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தவன் நான். எந்தப் பெயர் இவளைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்றை எழுதினால் மற்றது கை விட்டுவிடுமோ என்று பயம். இரண்டையும் எழுதினால் எது முதலில் என்று வீட்டில் சண்டை. படிவத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். "சரி, பேரைப் பிறகும் எழுதலாம். இப்ப பெண் எண்டு மட்டும் போடுறன்" என்றார். பெயர் எழுத வேண்டிய இடம் வெள்ளையாகவே இருந்தது.

ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட பிறகு கொழும்பு பாதி காலியாயிற்று. பேச்சியையும் பிள்ளையையும் ஊருக்கு அனுப்பினேன். அப்போது பிள்ளைக்கு ஐந்து வயது. ரயிலடிக்கு நோனாவும் வந்தாள். ஜன்னலில் கையை விட்டு, "லூசியா, பேரை மறக்காதே" என்றாள். ரயில் நகரும் முன்பே பேச்சி பிள்ளையிடம், "ஊர்ல அதைச் சொல்லாத. சிரிப்பாவ" என்றாள். நோனாவுக்கு அது கேட்டது. ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அக்கரையில் பிள்ளைக்குத் துணையாக ஒரு பெயர்தான் இருக்கும்.

இரண்டு வருடம் ஆகிறது. நான் இங்கே, அவர்கள் அங்கே. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும், பெயரை எழுதி அனுப்பு என்று அய்யா கேட்டிருந்தார். நான் தள்ளிப்போட்டேன். போன வாரம் பேச்சி சொல்லி யாரோ எழுதிய கடிதம் வந்தது. தெருவில் அம்மை போட்டு நான்கு பிள்ளைகள் போய்விட்டனவாம். நம் பிள்ளைக்கும் மூன்று நாள் காய்ச்சல், இப்போது இறங்கிவிட்டது, கஞ்சி குடிக்கிறாள். "அந்த மூன்று ராத்திரியும் நான் அவளை அக்கா வைத்த பேரைச் சொல்லியும் கூப்பிட்டேன். அக்காவிடம் சொல்லவும்" என்று இருந்தது. அதற்குக் கீழே கோணல் மாணலாக, கடிதம் எழுதியவரைப் பார்த்துப் பிள்ளையே எழுதிய எழுத்து: லூசியா.

நோனாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பைப்படியில் வைத்து வாசித்துக் காட்டினேன். கடைசி எழுத்துகளின் மேல் விரலை வைத்து இது யார் எழுதியது என்று கேட்டாள். சொன்னேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்ப நம்ம தவிட்டுக்கு ஒன்னும் இல்லையே, மல்லி?" என்றாள்.

ஏழு வருடத்தில் அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது அன்றைக்குத்தான். "ஒன்றும் இல்லை" என்றேன்.

அறைக்கு வந்து பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தேன். கிளாக்கர் ஐயா இன்னும் இருக்கிறார், கேட்டால் எழுதிக் கொடுப்பார். இரண்டில் ஒன்றை விட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கடிதத்தை மடித்து, பெயர் இல்லாத அந்த இடத்தின்மேல் வைத்துப் பெட்டியை மூடினேன்.