பால்மர் வாசலில் நின்ற பத்து நிமிடம்

பால்மர் ட்வெய்ட்டுக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. கல்யாணம் கட்டவில்லை. வடக்கு டகோட்டாவில், ஹெட்லண்ட் ஊருக்கு மேற்கே ஒன்பது மைல் தள்ளி, அப்பா விட்டுப்போன நிலத்தில் கோதுமை போட்டு, நாற்பது மாடு வைத்துப் பிழைத்த மனுஷன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்காருவார். பாட்டுப் பாடும்போது வாய் அசையும், சத்தம் வராது. ஒரு நாளைக்கு அவர் பேசுகிற வார்த்தைகளை ஒரு காபிக் கோப்பைக்குள் போட்டு மூடிவிடலாம்.

அக்டோபர் முதல் வாரம் வந்தால் அவர் பிக்கப் வண்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அரை நாள் வேலை பார்ப்பார். பழைய காபி டப்பா ஒன்று, அதற்குள் தடிமனான மெழுகுவர்த்தி. மருந்துக் குப்பியில் தீக்குச்சி. கம்பளி இரண்டு. உலர்ந்த திராட்சை ஒரு பை. வண்டியின் ஆன்டெனாவில் கட்ட ஒரு சிவப்புத் துணி. மண்வெட்டியை எல்லோரும் வண்டியின் பின்தொட்டியில் போடுவார்கள். இவர் மட்டும் உள்ளே, சீட்டுக்குப் பின்னால் வைப்பார். பனி விழுந்து தொட்டி மூடிக்கொண்டால் மண்வெட்டியைத் தோண்டி எடுக்க இன்னொரு மண்வெட்டி வேண்டும் என்பார். அப்புறம் வீட்டுப் பின்கதவிலிருந்து மாட்டுக் கொட்டகை வரைக்கும் இடுப்பு உயரத்தில், பனிப்புயலில் பிடித்துக்கொண்டு நடக்க, ஒரு கயிறு கட்டுவார். ஏப்ரல் கடைசியில்தான் அவிழ்ப்பார்.

இதெல்லாம் அறுபத்தாறாம் வருஷம் மார்ச் மாதத்துப் புயலில் வந்த பழக்கம். அப்போது அவருக்குப் பதினைந்து வயது. அப்பாவும் அவரும் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருக்கும்போது காற்று திரும்பியது. கதவைத் திறந்தால் வெள்ளை. நூறு அடி தள்ளி இருக்கிற வீடு இல்லை. நீட்டிய கை இல்லை. பையன் வீட்டுக்கு ஓடிவிடுகிறேன் என்றிருக்கிறான். அப்பா அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கீழே உட்கார வைத்தாராம். மூன்று நாள் மாடுகளுக்கு நடுவில் படுத்து, பாலைக் குடித்து உயிரோடு இருந்தார்கள். வீட்டில் அம்மா தனியாக. அந்த அம்மா மணிக்கொரு தடவை ஜன்னலைத் திறந்து இரும்புச் சட்டியைக் கரண்டியால் அடித்தாராம். காற்று கொஞ்சம் இறங்கும்போது அது கேட்கும். இவர்கள் வாளியைத் தட்டுவார்கள். நான் இருக்கிறேன், நீங்கள் இருக்கிறீர்களா என்பதுதான் அதற்கு அர்த்தம். நான்காம் நாள் வைக்கோல் பரண் கதவு வழியாக வெளியே வந்து, பனிமேலேயே நடந்துபோய், மாடி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இறங்கினார்கள்.

இப்படிப்பட்ட மனுஷனை நான் தொண்ணூற்றேழாம் வருஷம் ஜனவரியில் கொன்றுவிடப் பார்த்தேன். கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. மரியாதையாகப் பேசித்தான்.

நான் ஓக்லஹோமாக்காரன். எண்ணெய்க் கிணறு வேலைக்கு வந்து, அது நின்றுபோனதும் ஹெட்லண்ட் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். பால்மர் வீட்டுக்கு ஒன்றரை மைல் முன்னால், ஊர்ப் பக்கம், ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தேன். வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த ஊர் ஜனங்கள் நார்வேயிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதிகம் பேச மாட்டார்கள் என்று மட்டும் தெரியும். அது எனக்கும் ஒத்துப்போனது.

அன்றைக்குக் காலையிலிருந்தே பனிப்புயல் வருகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. கிடங்கை மூடி பத்து மணிக்கு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு மணி வாக்கில் கதவு தட்டப்பட்டது. பால்மர். புருவத்தில் பனி. என் வீட்டுப் பாதை ரோட்டில் சேருகிற இடத்தில், தபால் பெட்டிக்குப் பக்கத்தில், வண்டி பனிமேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதை அவர் இப்படிச் சொன்னார்:

"வண்டி கொஞ்சம் நின்னுருச்சு. காத்து அடிக்கிற மாதிரி இருக்குது."

ஜன்னல் கண்ணாடி சட்டத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது காற்று அடிக்கிற மாதிரி இருந்ததாம்.

"இங்கேயே தங்கிருங்க. புயல் விட்டதும் போகலாம்" என்றேன்.

"வேண்டாம்ப்பா. உனக்கு எதுக்கு சிரமம். மாடு வேற காத்துக்கிட்டிருக்கும். பத்து நிமிஷத்துல தோண்டி எடுத்துருவேன்."

"சரி. பாத்துப் போங்க."

எங்கள் பக்கம் அப்படித்தான். வளர்ந்த ஆம்பளை ஒருத்தன் வேண்டாம் என்றால் வேண்டாம். மறுபடி கேட்டால், உனக்கு அறிவில்லையா என்று கேட்பதுபோல. அதனால் நான் கேட்கவில்லை.

அவர் உடனே போகவில்லை. மிதியடிமேல் நின்று பூட்ஸைப் பார்த்தார். தொப்பியை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். அடுப்பு நல்லா எரியுது என்றார். ஆமாம் என்றேன். இந்த வீட்டில் முன்னால் இருந்தவர்கள் வாங்கிய அடுப்பு என்றார். அப்படியா என்றேன். காபி வாசம் அடிக்குது என்றார். இப்போதுதான் போட்டேன் என்றேன். போட்டேனே தவிர, ஒரு கோப்பை ஊற்றிக் கொடுக்கத் தோன்றவில்லை. அவசரமாகப் போகிற மனுஷனை ஏன் நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். பத்து நிமிடம் இப்படி நின்றார். அப்புறம், "சரி அப்போ" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து போனார். அடுத்தவன் முடிவை மதிக்கத் தெரிந்தவன் என்று எனக்கு என்மேல் ஒரு திருப்திகூட இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து போன் அடித்தது. கிழக்கே அரை மைலில் இருக்கிற ஆர்டிஸ் மோன். புயல் நாளில் ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டுக்குப் போன் போட்டு, எல்லோரும் உள்ளே இருக்கிறார்களா என்று கேட்பது இங்கே வழக்கம். அந்த வரிசைக்கு ஆர்டிஸ்தான் தலைவி. நான் போனை எடுத்ததும் அவள் கேட்டது என்னைப் பற்றி இல்லை.

"பால்மர் வண்டி எங்க வீட்டத் தாண்டிப் போனத பாத்தேன். வீட்டுக்குப் போன் போட்டா எடுக்கல. உன்கிட்ட வந்தாரா?"

வந்தார், தங்கச் சொன்னேன், வேண்டாம் என்று போய்விட்டார் என்றேன்.



"எத்தன தடவ கேட்ட லோனி?"

"என்னது?"

"தங்கிட்டுப் போங்கன்னு எத்தன தடவ கேட்ட?"

"ஒரு தடவ."

ஆர்டிஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "மொத தடவ கேட்டா வேண்டாம்னுதான் சொல்லணும். ரெண்டாவது தடவயும் வேண்டாம்னுதான் சொல்லணும். மூணாவது தடவ கேட்டா, சரி நீ இவ்வளவு சொல்றதாலன்னுட்டு உள்ள வரணும். எங்க வீட்ல காபிக்கே அப்படித்தான். அந்த மனுஷன் உன் வாசல்ல நின்னு, நீ மறுபடி கேப்பேன்னு பாத்திருப்பாரு."

பூட்ஸ், தொப்பி, அடுப்பு, காபி. ஒவ்வொன்றாக என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது.

போய்ப் பார்க்கிறேன் என்று போனை வைக்கப் போனேன். "நில்லு" என்றாள். "கயிறு இல்லாம வெளிய கால் வச்சேன்னா உன்ன ஏப்ரல்லதான் எடுப்போம். கயிறு வச்சிருக்கியா?"

இல்லை. நான்கு மாதத்தில் ஒரு கயிறு வாங்கவில்லை. கிடந்தது வைக்கோல் கட்டு அவிழ்த்த நைலான் இழைகள்தான், அதுவும் ஒரு ஆணியில் குப்பையாகத் தொங்கியது. முடிச்சுப் போட்டுச் சேர்த்தாலும் தபால் பெட்டி வரைக்கும் எட்டாது. இருநூற்றைம்பது அடி இருக்கும். அதையும் ஆர்டிஸ்தான் யோசித்துச் சொன்னாள். வாசல் கம்பத்திலிருந்து சமையல் எரிவாயுத் தொட்டி வரைக்கும் இழையைக் கட்டு. தொட்டிக்குப் பக்கத்தில்தான் மேய்ச்சல் வேலியின் மூலைக் கம்பம். அந்த வேலி நேராகத் தபால் பெட்டிக்குப் போகிறது. கம்பியை விடாதே. கம்பி தீரும் இடத்தில் வண்டி இல்லை என்றால் தேடாதே, திரும்பி வந்துவிடு. இந்தக் கடைசியை இரண்டு தடவை சொன்னாள்.

வெளியே போனதும் மூச்சு நின்றது. இங்கே புயல் பனி பூ மாதிரி விழாது. மாவு மாதிரி குறுக்கே பறக்கும். மூக்கு, காது, கழுத்து, எங்கே ஓட்டை இருந்தாலும் உள்ளே போகும். நடுப்பகல், நல்ல வெளிச்சம். ஆனால் பாலுக்குள் கண்ணைத் திறந்தது போலத்தான் இருந்தது. தொட்டியின்மேல் மோதித்தான் தொட்டியைக் கண்டுபிடித்தேன். வேலி பாதி புதைந்திருந்தது. மேல் கம்பி முழங்கால் உயரத்தில்தான் இருந்தது. குனிந்து, ஒரு கையால் கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். முள் கையுறையைக் கிழித்தது. வலிக்கவே இல்லை. வலிக்காதது நல்லதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

கம்பி தீர்ந்தது. தபால் பெட்டிக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன். வண்டி தெரியவில்லை. திரும்பு என்று ஆர்டிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை முழுசாக நீட்டிச் சுற்றிலும் துழாவினேன். ஒன்றுமில்லை. அப்புறம் ஏதோ சிவப்பாக ஒரு துடிப்பு. போயிற்று. மறுபடி வந்தது. ஆன்டெனாத் துணி. ஐந்தடிகூட இல்லை. நான் பனிமேடு என்று நினைத்ததுதான் வண்டி.

கண்ணாடியைத் தட்டினேன். ஒரு விரல் அளவு இறங்கியது. உள்ளே காபி டப்பாவில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பால்மர் கம்பளியைத் தலைவரை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எஞ்சினுக்குள் பனி புகுந்து வண்டி செத்துவிட்டது. வெளியே இறங்கித் தோண்டும்போது பூட்ஸுக்குள் பனி இறங்கி, உருகி, இப்போது காலுறை உறைந்துவிட்டது. ஒரு தடவை என் வீட்டை நோக்கி நடந்து பார்த்தாராம். பத்தடியில் வண்டி மறைந்ததும் வந்த காலடியிலேயே திரும்பிவிட்டார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது அவர் சொன்னது, "நீ எதுக்கு இந்தக் காத்துல வந்த?"

"வீட்டுக்கு வாங்க" என்று கத்தினேன்.

"வேண்டாம்ப்பா, எனக்கு இங்கேயே போதும்."

சத்தியமாகச் சொல்கிறேன், உதடு நீலமாகிப்போன மனுஷன் அப்படிச் சொன்னார். கழுத்தைப் பிடித்து வெளியே இழுக்கலாம் என்றுதான் வந்தது. ஆனால் ஆர்டிஸ் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எனக்குப் பாடம் எடுத்திருந்தாள்.

"வீட்டுக்கு வாங்க பால்மர்."

"உனக்கு சிரமம்."

"தயவு பண்ணி வீட்டுக்கு வாங்க. காபி சூடா இருக்கு."

அவர் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். "சரி. நீ இவ்வளவு தூரம் சொல்றதால."

என் பெல்ட்டை அவர் பிடித்துக்கொண்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு தடவை விழுந்தார். பாதத்தைத் தரையில் வைத்த மாதிரியே இல்லை, கட்டைமேல் நடப்பதுபோல் இருக்கிறது என்றார். தொட்டி, அப்புறம் இழை, அப்புறம் வாசல் கம்பம். கதவை உள்ளே இருந்து சாத்தினேன். கதவில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வேலை அவர் கால். பூட்ஸைக் கத்தியால் கிழித்துத்தான் எடுத்தேன். இடது காலில் ஐந்து விரலும் மெழுகு மாதிரி வெள்ளை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஆர்டிஸ் சொல்லச் சொல்லச் செய்தேன். தேய்க்காதே. வெந்நீர் வேண்டாம், பிள்ளையைக் குளிப்பாட்டுகிற அளவுக்குத்தான் சூடு இருக்க வேண்டும். ஆற ஆற மாற்று. உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க நான் எடுத்துவந்த முள்கரண்டியைப் பால்மர் வாங்கித் தன் விரலில் தானே குத்திப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். காலில்லாமல் டிராக்டர் ஓட்டுகிற ஒரு சித்தப்பா தனக்கு இருந்தார், நன்றாகத்தான் ஓட்டுவார் என்றார். நான் பாத்திரத்துத் தண்ணீரை மாற்றினேன்.

மாட்டைப் பற்றி மட்டும் ஒரு தடவை கேட்டார். காற்று மறைவில் வைக்கோல் போர் இருக்கிறது, அதைத் தின்றுகொண்டு நிற்கும், எங்கேயும் போகாது என்று ஆர்டிஸ் போனில் சொன்னதை அப்படியே சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது அப்படியேதான் நின்றன.

நான்காவது தடவை தண்ணீர் மாற்றினேன். ஐந்தாவது தடவை மாற்றினேன். பால்மர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நாற்காலியின் கையைப் பிடித்தார்.

"வருது" என்றார்.

"என்ன வருது?"

"வலி."

வெள்ளை போய், பெருவிரலில் திட்டுத்திட்டாகச் சிவப்பு ஏறியது. அப்புறம் அடுத்த விரல். அந்த மனுஷன் வாயிலிருந்து அதுவரை நான் உரத்த சத்தமே கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். வீடே அதிர்ந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கியது. கத்திக்கொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கியது. வெட்கமாக இல்லை.

போன் தரையில் கிடந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். ஆர்டிஸ் தன் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கத்துறாரு. காலு பிழைச்சுருச்சு."

பிறகு என்னிடம், காபியில் நிறைய சர்க்கரை போட்டுக் கொடு, மற்ற வீடுகளுக்கெல்லாம் நான் சொல்லிவிடுகிறேன் என்றாள். நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போனை வைத்தாள்.