பிடி தளர்ந்த கை

என் வீட்டுக்காரர் துணி கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பகல் முழுக்கக் கத்தரி, சாயங்காலமானால் கிளப்பில் ஸ்னூக்கர் குச்சி. இரண்டுக்கும் அந்த ஒரு வலது கைதான். மணிக்கட்டு வீங்கி, சட்டைப் பொத்தானைக்கூட நான் போட்டுவிட வேண்டியதாயிற்று. கை சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார்.

“அந்தக் குச்சிய உடைச்சு அடுப்புல போடுங்க!” என்று கத்தினேன். எல்லோருக்கும் ஈடுகொடுத்துக் களைத்துப்போனவருக்கு அந்த ஸ்னூக்கர் மேஜை ஒன்றுதான் ஆறுதல். அது எனக்குத் தெரியாதா? தெரிந்து என்ன செய்ய?

பிசியோதெரபி பார்க்கும் அம்மா ஸ்னூக்கர் குச்சிக்குப் பதிலாக ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, ஆடிக் காட்டச் சொன்னார். இவர் குனிந்தார். கத்தரியைப் பிடிக்கிற அதே பிடி! கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது.

“ஐயோ சார், அது கழுத்த நெரிக்காதீங்க. விரல்ல சும்மா தொங்கட்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. ஒரு ஆட்டம் முடிஞ்சதும் கைய உதறி விடுங்க” என்றார்.

சொன்னபடி செய்தார். வீக்கம் வடிந்தது, கத்தரியும் பழையபடி ஓடியது. ஆனால் ஒருநாள் சாப்பிடும்போது அலுப்பாகச் சொன்னார்: “சும்மா ஆடுனா பிடி தளர்வாத்தான் இருக்கு. ஜெயிக்கணும்னு நெனச்சா போதும், தானா இறுகிடுது.”

“அப்போ நெனைக்காதீங்க” என்றேன். வேறென்ன சொல்ல?

கிளப்பின் இறுதிப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். கடைசியில் கறுப்புப் பந்து மட்டும் பாக்கி. அதைக் குழியில் போட்டால் கோப்பை இவருக்கு. இத்தனை வருஷம் ஆடியும் கைக்கு வராத கோப்பை. குனிந்தார். கட்டைவிரல் வெளுப்பதை நான் நாற்காலியிலிருந்தே பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார். நிமிர்ந்து, கையை உதறிவிட்டு, மறுபடி குனிந்து மெதுவாக அடித்தார். பந்து குழியின் வாய்வரை போய் நின்றது. எதிராளி வந்து அதைக் குழிக்குள் தட்டிவிட்டு ஜெயித்தான்.

வெளியே வந்ததும், “கை எப்படிங்க இருக்கு?” என்றேன்.

“வலிக்கவே இல்ல. நாளைக்கு நிறைய வெட்டணும்ல” என்றார்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. “ஒரு தடவ வலிச்சாத்தான் என்னவாம்!”

அவர் பழக்கத்தில் கையை உதறிக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தார்.